ராத்திரி சப்பாத்தி, ஏழு மணிக்கு மேல் ஒன்றுமில்லை: இந்த விதிகளால் எடை குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 44. உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. என்னோடு வேலை பார்க்கும் தோழி நான்கு மாதத்தில் எட்டு கிலோ குறைத்துவிட்டாள். டயட் சார்ட், கலோரி கணக்கு எதுவும் இல்லை. மூன்றே விதிகள்: இனிப்பு கிடையாது, ராத்திரி சோறு கிடையாது, ஏழு மணிக்கு மேல் எதுவும் கிடையாது. நானும் ஆரம்பித்தேன். பதினோரு நாள் ஓடியது, ஒரு கல்யாண ரிசப்ஷனோடு நின்றுபோனது. எடையும் முதல் வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கியதோடு நின்றுவிட்டது. இப்படிச் சுலபமான விதிகளால் உண்மையிலேயே எடை குறையுமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவரும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். சேரலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: குறையும். தோழிக்குக் குறைந்ததில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு ஏன் குறையவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்லவேளை, கடிதத்தோடு ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

முதலில், விதி சுலபமாக இருப்பது குறையே இல்லை. புரட்டாசியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் கறி, மீன் இல்லாமல் சாப்பிடாத வீடுகளில்கூட அந்த ஒரு மாதம் அசைவம் அடுப்பேறாது. யாரும் அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில்லை. "இன்றைக்குச் சாப்பிடலாமா, கொஞ்சமாகவாவது?" என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் விதி ஒரே வரிதான், வீட்டில் எல்லோருக்கும் அதுவே. ஜெர்மனியில் இரண்டு வெவ்வேறு டயட் திட்டங்களில் இருந்த 390 பெண்களைக் கவனித்து 2010-இல் ஒரு ஆய்வு வெளியானது. விதிகள் சிக்கலானவை என்று நினைத்தவர்களே சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கலோரி எண்ணுவது நல்ல முறைதான், ஆனால் சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு, தாளிப்பில் எத்தனை மில்லி எண்ணெய் என்று எத்தனை நாள்தான் எண்ணுவீர்கள்? என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வாரமே நோட்டை மூடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் எண்ணியதில்லை.

சரி, புரட்டாசியில் யாராவது இளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சனிக்கிழமை வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல். ஏகாதசிக்குச் சோறு கூடாது, பலகாரம் ஆகலாம் என்று நெய் விட்ட உப்புமாவும் அடையும் தட்டுக்கு வரும். விதி மீறப்படவே இல்லை, வயிறும் குறையவில்லை. விரதத்தின் நோக்கம் வேறு என்பதால் அங்கே அது பிழையாகாது. எடைக்காக வைக்கும் விதியில் அதே ஓட்டை இருந்தால்தான் சிக்கல்.

நீங்கள் எந்த விதியை வைத்துக்கொண்டாலும் அது எடையைக் குறைப்பது ஒரே வழியில்தான்: நாள் முழுக்க உள்ளே போகும் மொத்த அளவு குறைய வேண்டும். அமெரிக்காவில் 160 பேரை நான்கு பிரபலமான டயட் முறைகளில் பிரித்துவிட்டு ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள் (2005-இல் வெளிவந்தது). சராசரியாக எல்லா முறையிலும் இரண்டு, மூன்று கிலோதான் இறங்கியிருந்தது. எந்த முறை என்பதைவிட, யார் எவ்வளவு விடாமல் கடைப்பிடித்தார்கள் என்பதற்கும் இறங்கிய எடைக்கும்தான் நெருங்கிய தொடர்பு இருந்தது. தொடங்கியவர்களில் ஐந்தில் இரண்டு பேர் நடுவிலேயே போய்விட்டார்கள்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். இனிப்பு விதியைப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே வாரம் ஒரு முறைதான் இனிப்புத் தொடுகிறீர்கள். ஆக, அந்த விதி உங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. தோழிக்குத் தினமும் மதியம் ஒரு இனிப்பு சாப்பிடும் பழக்கம் இருந்திருக்கலாம், அவருக்கு அது பெரிய வெட்டு. ஆனால் நீங்கள் ஒரு நாளில் மூன்று காபி குடிக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆறு ஸ்பூன் என்றால் சுமார் 30 கிராம், 120 கலோரி. "இனிப்பு கிடையாது" என்று சொன்னபோது காபி உங்கள் மனதில் இனிப்புக் கணக்கில் வரவில்லை.

அடுத்தது ராத்திரி சப்பாத்தி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு டயட் என்றாலே இதுதான். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டிலும் 350-ஐ ஒட்டி. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் சற்றுக் கூடுதல், அது நல்லதே. ஆனால் சோறு எண்ணெய் இல்லாமல் வேகும், சப்பாத்திக்குப் பெரும்பாலும் எண்ணெய் விட்டுத்தான் சுடுகிறோம். முன்பு நீங்கள் சாப்பிட்டது வடித்த சோறு ஒன்றரைக் கப்: 300 கிராம் என்று வைத்தாலும் 390 கலோரிக்குள். இப்போது சாப்பிடுவது மூன்று சப்பாத்தி. மாவு மட்டும் 100 கிராமைத் தாண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் போனால் மொத்தம் 470-ஐத் தொடும். அப்புறம் சோற்றுக்கு ரசமும் பீன்ஸ் பொரியலும் இருந்த இடத்தில், சப்பாத்திக்குத் தேங்காய் அரைத்துவிட்ட குருமா வந்திருக்கிறது. சோறு போனது, அளவு கூடியது. சப்பாத்தியை நான் திட்டவில்லை. எண்ணெய் விடாத இரண்டு சுக்கா சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, காய் என்றால் நல்ல சாப்பாடு. அதே அளவில் சோறு என்றாலும் நல்ல சாப்பாடுதான். ராத்திரி எது வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், ஒரு முறைதான் பரிமாறிக்கொள்ள வேண்டும். அந்த விதி போதும்.

சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கி, பிறகு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், குறையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சேர்ந்து போகும். முதல் வாரத்து இறக்கத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான், அதைக் கண்டு குதிக்கவும் வேண்டாம், அடுத்த வாரம் நின்றதும் அழவும் வேண்டாம்.

ஏழு மணி விதி. ஏழு மணிக்குப் பிறகு சாப்பிட்டால் கொழுப்பாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை விடுங்கள். அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஒரு சோதனையில் (2020), மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு 0.68 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி டிவி முன்னால் கொறிப்பவருக்கு இந்த விதி உதவும், கொறிப்பது நின்றுவிடுமே. உங்கள் தாளில் அந்த நேரத்துக் கொறிப்பே இல்லை. தவிர, வீட்டுக்கு வரவே உங்களுக்கு மணி ஏழாகிறது. ஐந்தரைக்கு வீடு திரும்பும் ஒருவரின் விதியை நீங்கள் கடன் வாங்கினால் தினமும் தோற்பீர்கள், இல்லாவிட்டால் பட்டினி கிடப்பீர்கள். எட்டரைக்குச் சாப்பாட்டை முடித்து அடுப்படி விளக்கை அணைத்துவிடுங்கள், போதும்.

அப்படியானால் உங்களுக்கு எது கூடுதலாகப் போகிறது? தாளில் ஓரமாக, அடைப்புக்குள் எழுதியிருந்த மூன்று வரிகள்: "வந்ததும் மிக்சர் ஒரு கை", "பசங்களுக்கு தோசை ஊற்றும்போது ஒன்று பிய்த்து", "சின்னவன் தட்டில் மிச்சம்". மிக்சர் ஒரு கை என்பது 30, 40 கிராம், 150 முதல் 200 கலோரி. ஊற்றும்போதே பிய்த்த தோசை, வீணாகக் கூடாதென்று வாயில் போட்ட சின்னவன் தட்டு மிச்சம், எல்லாம் சேர்த்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு சின்ன சாப்பாடு முடிந்துவிடுகிறது. இவை மூன்றும் நின்றுகொண்டு சாப்பிட்டவை. எனவே உங்களுக்கு நான் தரும் முதல் விதி: உட்கார்ந்து, தட்டில் வைத்து மட்டுமே சாப்பிடுவது. மிக்சர் வேண்டுமா, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள், யாரும் தடுக்கவில்லை. தோசைக்கல் முன்னால் நிற்கும்போது வாய்க்கு வேலை இல்லை. உப்புப் பார்ப்பதற்கு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். சின்னவன் தட்டில் குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள்.

இரண்டாவது, காபிக்கு அரை ஸ்பூன். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் வெறுத்துவிடும், வாரத்துக்கு அரை ஸ்பூனாக இறக்குங்கள். மூன்றாவது, மேலே சொன்ன ஒரு முறைப் பரிமாறல், ஆனால் அதில் பருப்போ சுண்டலோ முட்டையோ கட்டாயம் இருக்க வேண்டும். சோற்றைக் குறைக்கிறேன் என்று புரதத்தையும் சேர்த்துக் குறைத்தால் தசையும் கரையும். இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இனி அந்த ரிசப்ஷன். உங்களைக் கவிழ்த்தது அங்கே சாப்பிட்ட ஒரு ஜாங்கிரி இல்லை, மறுநாள் எடுத்த முடிவு. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற நினைப்பு அது. 1975-இல் வெளிவந்த ஒரு பழைய சோதனையில் முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் வைத்தார்கள். வழக்கமாக வாயைக் கட்டுபவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைக்காமல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆகவே, விதி மீறும் நாளுக்கும் ஒரு விதி வேண்டும். வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா, மாதத்தில் இரண்டு அழைப்புகள்: இவற்றை முன்கூட்டியே விடுமுறை என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். அன்று இலையில் வைத்ததைச் சாப்பிடலாம். மறுநாள் காலைக் காபியிலிருந்து பழையபடி. பட்டினி கிடந்து ஈடுகட்டுவது கூடாது, அது சாயங்காலம் மிக்சர் டப்பாவில் போய் முடியும்.

பழக்கமாகப் படிய நாளாகும். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். பதினோரு நாளில் தோற்றதாக நினைக்க வேண்டாம். எடையை வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ குறைந்தாலே உங்கள் எடையில் ஐந்து சதவீதம். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதற்கே கேட்கும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை எடுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வருவது இலக்கு. ஆறு வாரமாக எடையும் நாடாவும் அசையவில்லை என்றால், மூன்று நாள் சாப்பாட்டை மறுபடி எழுதுங்கள், அடைப்புக்குள் போடாமல்.

கணவர் விஷயம். காபிச் சர்க்கரையைக் குறைப்பதில் அவர் இன்றே சேரலாம். சாப்பாட்டு நேரத்தை மாற்றுவது, ஒரு வேளையை விடுவது, சோற்றைப் பாதியாக்குவது, இவற்றுக்கு முன்னால் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால், மருந்து வழக்கமான அளவில் உள்ளே போய்ச் சாப்பாடு மட்டும் குறையும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.