வெயிலை வாசல்லயே நிறுத்துங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல நம்ம சிங்கப்பூர்ல வீடு கட்டுற கேள்விதான். போன இதழ்ல பியூபி பில்லு, அதாவது கரண்டு தண்ணி பில்லு பத்தி நாலு வரி எழுதுனதுதான் காரணம்னு நெனக்கிறேன். (இப்ப எஸ்பி பில்லுதான், ஆனா நம்ம வீட்டுல யாரு அப்படிச் சொல்றா?) ஒரே மாதிரி கேள்விங்கள ஒண்ணாச் சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் பழைய இன்டர்-டெரஸ் (வரிசையில ரெண்டு பக்கமும் ஒட்டுன வீடு) ஒண்ணு வாங்கியிருக்கோம், இடிச்சுட்டுக் கட்டப்போறோம். வாசல் மேற்கு பாத்து இருக்கு. மாமியாருக்கு வாஸ்து சரியில்லையாம். ஆர்க்கிடெக்ட் முன்பக்கம் முழுசும் கண்ணாடி போடலாம், அழகா இருக்கும்ங்கிறாரு. யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: வாஸ்து எனக்குத் தெரியாது தங்கச்சி, வெயில் தெரியும். அந்த விஷயத்துல மாமியார் பக்கம்தான் நிப்பேன். ஒண்ணு கவனிச்சீங்களா, நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல, 1 மணி வாக்குல. 1982ல கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சதும் அதுக்கு ஒரு காரணம். அதனால சாயங்கால வெயில் ஏழு மணி வரைக்கும் இழுக்குது, சுவரெல்லாம் காலையிலேர்ந்தே சூடேறி நிக்கிற நேரத்துல மேற்கு வெயிலும் சேந்து வந்து அடிக்குது.

சன்ஷேட் போட்டா போதாதான்னு அடுத்துக் கேப்பீங்க. ஒரு பேப்பர் எடுத்துக் கோடு போட்டுப் பாருங்க. சாயங்காலம் 5 மணிக்கு சூரியன் தரையிலேர்ந்து சுமார் 30 டிகிரி ஒசரத்துல நிக்கும். நீங்க ஒரு மீட்டர் நீளத்துக்கு சன்ஷேட் இழுத்தாலும் அதோட நிழல் ஜன்னல்ல அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலதான் இறங்கும், மீதி வெயில் நேரா சோபா மேல வந்து உக்காந்துக்கும். அதே ஒரு மீட்டர் சன்ஷேடை வடக்குச் சுவர்ல போட்டா ஜூன் மாசம் உச்சிவெயில்ல கிட்டத்தட்ட ரெண்டரை மீட்டருக்கு நிழல் கிடைக்கும், தெக்குச் சுவர்ல டிசம்பர்ல ரெண்டு மீட்டருக்கு மேல. அதான் வடக்கு தெக்குக்கு மேல இருந்து மறைக்கணும், கிழக்கு மேற்குக்கு முன்னால நிறுத்தி மறைக்கணும்னு சொல்றது. செங்குத்தா நிக்கிற தடுப்புத் தகடு, துளைபோட்ட ஸ்கிரீன், மூங்கில் படுதா, இல்லேன்னா ஒரு மரம், எதுவா இருந்தாலும் சரி, கண்ணாடிக்கு வெளியில இருக்கணும். உள்ள கர்ட்டன் போட்டா கண்ணு கூசாது, ஆனா சூடு அதுக்குள்ள கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்திருக்கும்.

ஆர்க்கிடெக்ட் கிட்ட இன்னொண்ணும் கேளுங்க: மாடிப்படி, குளிக்கிற ரூம், ஸ்டோர் இதெல்லாம் முன்பக்கம் வர்ற மாதிரி பிளானைத் திருப்ப முடியுமான்னு. நாள் பூரா ஆள் இருக்காத ரூம் சூட்டை வாங்கிக்கட்டும், படுக்கிற ரூமு பின்னால போகட்டும். டெரஸ் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், காத்து வர்றதுக்கு முன்னும் பின்னும்தான் வழி, அதனால நடுவுல ஒரு ஏர்வெல், அதாவது வானம் பாத்த திறப்பு விடச் சொல்லுங்க. லிட்டில் இந்தியா தேக்காவுல இருக்குற பழைய கடைவீட்டுக்குள்ள நடு மத்தியானத்துல ஒருதடவை நுழைஞ்சு பாருங்க, வெளிய அஞ்சடிப் பாதையோட நிழல், உள்ள நடுவுல ஏர்வெல், ஏர்கானே இல்லாத காலத்துல கட்டுனது. நம்ம பாட்டன் ஊர்ல முற்றம்னு வெச்சாங்களே, அதோட வேலையும் இதான். இப்ப வாங்குறவங்க முதல் வேலையா அந்த ஏர்வெல்லுக்கு மூடி போட்டு ரூம் பெருசாக்குறாங்க, அப்புறம் உள்ள புழுங்குதுன்னு எனக்கு லெட்டர் போடறாங்க!

கண்ணாடி வேணவே வேணும்னா லோ-இ கண்ணாடி (சூட்டைத் தடுக்கிற மெல்லிசான பூச்சு உள்ளது) கேளுங்க, வாங்கும்போது வெளிச்சம் எவ்வளவு உள்ள விடும், சூடு எவ்வளவு உள்ள விடும்னு ரெண்டு நம்பரையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. டார்க் கலர் கண்ணாடின்னா சூடு வராதுன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க, வெளிச்சம் கொறஞ்சதும் நீங்க லைட்டைப் போடுவீங்க.

கேள்வி: ஜெர்மனியில இருக்கிற என் மச்சான் வீட்டைச் சுத்தி ஒரடிக்கு இன்சுலேஷன் போட்டு, காத்து புகாம அடைச்சுக் கட்டியிருக்காரு. நாங்களும் அப்படியே கட்டலாமா?

பதில்: மச்சான் அவரு ஊருக்குச் சரியாத்தான் கட்டியிருக்காரு. அங்க குளிர்காலத்துல வெளிய 0 டிகிரி, உள்ள 21. நம்மகிட்ட வெளிய 32, ஏர்கான் ரூமுல 25. வித்தியாசம் ஏழே டிகிரி. அதனால எல்லாச் சுவருக்கும் மெத்தை கட்டுறதுல காசு போட்டா அவ்வளவா திரும்பி வராது. நம்ம எதிரி நேரா அடிக்கிற வெயில், அது அடிக்கிற ரெண்டு இடம் கூரையும் மேற்குச் சுவரும். மெட்டல் கூரையை மத்தியானத்துல தொட்டீங்கன்னா கை பொசுங்கிடும், அங்க ராக்வூல் (கல்லை உருக்கிச் செஞ்ச பஞ்சு) தாராளமா போடுங்க, மேல வெள்ளையோ வெளிர் நிறமோ அடிங்க. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தெம்பனிஸ்ல நூத்துக்கு மேல புளோக்குல சூட்டைத் திருப்பி அனுப்பற பெயின்ட் அடிச்சுச் சோதனை பண்ணதும் இதே கணக்குலதான்.

காத்து புகாம அடைக்கிறதுல இன்னொரு சங்கடமும் இருக்கு. நம்ம ஊர் காத்துல தண்ணி நெறைய, சில்லுன்னு இருக்கற இடத்துல பட்டா வேர்த்துடும். குளிர் நாட்டுல ஈரம் தடுக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரோட உள்பக்கம் போடுவாங்க. இங்க ஏர்கான் ரூமுக்கு அப்படியே காப்பியடிச்சா ஈரம் சுவருக்குள்ளயே மாட்டிக்கும். ஏர்கான் ரூமுல வினைல் வால்பேப்பர் ஒட்டுனவங்க ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மூலையைப் பிச்சுப் பாருங்க, பின்னால கறுப்புப் புள்ளிப் புள்ளியா பூஞ்சை இருக்கும்.

கேள்வி: சோலார் பேனல் போட்டா பில்லே வராதுன்னு சேல்ஸ் பையன் சொல்றான். நெசமா?

பதில்: வரும். கொறையும். டெரஸ் வீட்டுக் கூரையில 14 பேனல் போடறீங்கன்னு வெச்சுக்குவோம், ஒவ்வொண்ணும் 440 வாட்ஸ், மொத்தம் சுமார் 6 கிலோவாட். நம்ம ஊர் மேகமூட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு 1,200 யூனிட் வாக்குல எதிர்பார்க்கலாம், அப்ப மொத்தம் 7,000 யூனிட், மாசத்துக்கு 600ன்னு சொல்லலாம். பக்கத்து வீட்டு மூணாவது மாடி நிழல் உங்க கூரையில விழுந்தா இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுடும், அதனால சேல்ஸ் பையனை காலையில ஒருதடவை, நாலு மணிக்கு ஒருதடவை கூரைக்கு ஏத்திவிடுங்க.

இதுல அவன் சொல்லாம விடறது ஒண்ணு இருக்கு. பகல்ல நீங்க வேலைக்குப் போயிட்டா அந்தக் கரண்டு கிரிட்டுக்கு (ஊர்ப் பொது மின்சார வலைக்கு) போகும், அதுக்குக் காசு கிடைக்கும், ஆனா கிரிட் சார்ஜைக் கழிச்சுட்டுத்தான். ராத்திரி ஏர்கானுக்கு நீங்க வாங்குறது முழு வெலைக்கு. அதனால வாஷிங் மெஷின், சுடுதண்ணி எல்லாத்தையும் பகல்ல ஓட விடறவங்களுக்குத்தான் லாபம் சீக்கிரம் வரும். இன்னொண்ணு, நாம பூமத்திய ரேகைக்கு ஒட்டியே இருக்கறதால பேனலைப் படுக்க வெச்சாலும் வெயில் நல்லாவே கிடைக்கும், ஆனாலும் பத்து டிகிரியாவது சரிவு வெக்கச் சொல்லுங்க, அப்பத்தான் மழை வந்து தூசியைக் கழுவிட்டுப் போகும். வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் வொர்க்கர் கட்டாயம். கட்டும்போதே கூரையிலேர்ந்து டிபி பாக்ஸுக்கு (மெயின் சுவிட்சு பெட்டி) ஒரு கான்ட்யூட், அதாவது வயர் போற குழாய், இறக்கி வெச்சுடுங்க, பேனல் அஞ்சு வருஷம் கழிச்சு வாங்குனாலும் சுவரை ஒடைக்க வேணாம்.

கேள்வி: தம்பி, பையன் புது வீட்டுல எல்லா ரூமுக்கும் பெரிய ஏர்கானா போடணும்ங்கிறான், பெருசா இருந்தா சீக்கிரம் குளிரும், கரண்டு மிச்சம்னு சொல்றான். சரியா?

பதில்: இல்லம்மா. தேவைக்கு மேல பெருசா இருந்தா சட்டுனு குளிர வெச்சுட்டு நின்னுடும், ரூமுல இருக்கற ஈரத்தை இழுக்க அதுக்கு நேரம் இருக்காது. சில்லுன்னு இருக்கும், ஆனா மேலு பிசுபிசுன்னு இருக்கும், உடனே பையன் இன்னும் ரெண்டு டிகிரி கொறைப்பான். சாதாரண படுக்கை ரூமுக்கு 9,000 பிடியூ (குளிர வெக்கிற சக்தியோட அளவு) போதும், கரண்டு சிக்கன லேபிள்ல அஞ்சு டிக் உள்ளதா வாங்கச் சொல்லுங்க. 25ல வெச்சு மேல டிசி பேன் ஒண்ணு சுத்த விடுங்க, அது 30, 35 வாட்ஸ்தான் இழுக்கும்.

பைப் வேலையை மட்டும் பக்கத்துல நின்னு பாருங்கம்மா. எங்க வீட்டுல குடிபோன ரெண்டாவது மாசம் கூரைக்குக் கீழ தனியாப் போடற பால்ஸ் சீலிங்ல பழுப்பா ஒரு கறை, பாத்தா இலங்கை மேப்பு மாதிரியே இருந்துச்சு, மேல பாத்ரூம் ஒழுகுதுன்னு நெனச்சு டைல்ஸ் எல்லாம் பேக்க இருந்தோம். கடைசியில சீலிங்கைத் தொறந்தா காப்பர் பைப் மேல சுத்துன கறுப்பு இன்சுலேஷன் ஒரு ஜாயின்ட்ல ரெண்டு விரல் அகலத்துக்குப் பிளந்து கிடக்கு, டேப்பே சுத்தல, அந்த இடத்துல பைப்பு சொட்டு சொட்டா வேர்த்துக்கிட்டு இருக்கு. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டா எடுக்கவே இல்ல. ரெண்டு வெள்ளி (டாலர்) டேப்பு, அதுக்கு நான் செலவழிச்சது அறுநூறு வெள்ளி. சீலிங் மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜாயின்டையும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

கேள்வி: முழுசா இடிக்கணுமா, இல்ல இருக்கறதையே மாத்தலாமா? பர்மிட்டெல்லாம் எப்படி?

பதில்: கூட்டுற தரைப்பரப்பு இருக்கறதுல பாதிக்கு மேல போகாம இருக்கணும், வெளிச்சுவர்லயும் பாதிக்கு மேல கை வெக்கக்கூடாது, மாடியும் கூடக்கூடாது, அப்பத்தான் ஏ அண்டு ஏ (கூட்டல் மாத்தல் வேலை) கணக்குல வரும், தாண்டுனா ரீகன்ஸ்ட்ரக்ஷன், அதாவது மறுகட்டுமானம். எதுவா இருந்தாலும் கியூபி ஒருத்தர் வேணும், அதாவது பதிவு பண்ண ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ. யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) அனுமதி, பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) பிளான், கட்டி முடிச்சதும் டாப் (தற்காலிகமா குடிபோற அனுமதி), கடைசியா சிஎஸ்சி (சட்டப்படி வேலை முடிஞ்ச சான்றிதழ்). கான்ட்ராக்டருக்கு பிசிஏ லைசென்ஸ் இருக்கான்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே பாருங்க. ஞாயித்துக்கிழமையும் வேலை பாத்து சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா உஷாரா இருங்க, குடியிருப்புப் பக்கத்துல ஞாயிறு கட்டுமானத்துக்கு அனுமதி இல்ல. பழைய அஸ்திவாரமும் தூணும் நல்லா இருந்தா நான் இடிக்காம இருக்கறதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், உடைச்சுக் கொட்டுற கான்கிரீட்டுக்கும் காசு போயிருக்குல்ல.

கேள்வி: எங்களுக்கு ஈசூன்ல நாலு ரூம் வீவக வீடுதான். நீங்க தரை வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவீங்களா?

பதில்: நானும் இருபது வருஷம் வீவக வீட்டுல இருந்தவன்தாங்க! கரண்டு, தண்ணி மிச்சம் பிடிக்கிற சாமான் வாங்க அரசாங்கம் குடுத்த கிளைமேட் வவுச்சரை இன்னும் தொடாம வெச்சிருக்கீங்களா? வீவக வீட்டுக்கு 2024ல 300, 2025ல இன்னொரு 100 வெள்ளி குடுத்தாங்க, 2027 டிசம்பர் வரைக்கும் செல்லும். எல்இடி லைட்டு, டிசி பேன், பிரிட்ஜ் எல்லாத்துக்கும் ஆகும். முதல்ல பேனை மாத்துங்க. மேற்கு ஜன்னலுக்கு சோலார் பிலிம் ஒட்டலாம். வெளிச்சுவர்ல எதையும் நீங்களா ஆணி அடிச்சு மாட்டாதீங்க, கீழ ஆளு நடந்து போற இடம்.

கேள்வி: மழைத்தண்ணியைப் பிடிச்சு செடிக்கு ஊத்தலாமா?

பதில்: தாராளமா. டேங்குக்கு வலையும் இறுக்கமான மூடியும் போடுங்க, டெங்கி செக்கிங்குக்கு வர்றவங்க முதல்ல அதைத்தான் தூக்கிப் பாப்பாங்க.