உறுத்துவது எந்த மஞ்சள்?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கப் பங்காளிகள் அனைவரும் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் வடிவமைப்பாளர், "மஞ்சள் கண்ணை உறுத்தும், வெள்ளையும் சாம்பலும் போதும்" என்கிறார். மஞ்சள் மங்கல காரியங்களுக்கு மட்டும் உரிய நிறமா? கலையிலும் வடிவமைப்பிலும் அதற்கு இடமில்லையா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: எந்த மஞ்சள் உறுத்தும் என்று அவரிடம் கேட்டீர்களா? டப்பாவில் வரும் எலுமிச்சை மஞ்சளை வெயில் அறையும் மேற்குச் சுவர் முழுவதும் அடித்தால் உறுத்தத்தான் செய்யும். அதற்காக, தலைமுறை தலைமுறையாக உங்கள் வீட்டுத் தரையில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லின் (கையால் வார்த்த சிமென்டுப் பூக்கல்லின்) மஞ்சளையும் அதே கணக்கில் சேர்த்துத் தள்ளுவது, நிறத்தின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு அதன் சரக்கைத் தெரிந்துகொள்ளாதவர் செய்யும் வேலை.

செட்டிநாட்டு வீட்டில் எந்த மஞ்சள் நிற்கும் என்பதைச் சுண்ணாம்பே தீர்மானித்தது. சமையல் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லேன் 1797-இல் குரோமியத்தைக் கண்டறிந்த பிறகு ஐரோப்பிய ஓவியர்களின் கைக்கு வந்த குரோம் மஞ்சளும், காரம் மிகுந்த சுண்ணாம்பில் ஆரஞ்சுப் பக்கம் திரிந்துவிடும். அசையாமல் நிற்பது மண்ணிலிருந்து வரும் மஞ்சள் காவிதான். இரும்பும் ஆக்சிஜனும் நீரும் கூடிய கனிமம் அது; சுட்டால் நீர் நீங்கிச் செங்காவி ஆகிவிடும். மஞ்சளும் சிவப்பும் ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தும் சண்டையிடாமல் இருப்பதற்கு, இரண்டும் ஒரே இரும்பின் பிள்ளைகள் என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தாமரைக் குளத்தைத் தீட்டியபோதும் இந்தக் காவி மண்ணைத்தான் நம்பினார்கள்.

ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஒருமுறை உங்கள் வடிவமைப்பாளரை அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் மஞ்சளும் பச்சையும் விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்கின்றன. ஊற்றுபவர் கை சற்று நடுங்கினால் இதழின் ஓரம் அலையாகிவிடும். அதன்மேல் உலர்ந்த மணல்–சிமென்டுக் கலவையைத் தூவி, பிறகு ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். இதில் சூளைக்கே வேலையில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த கல் கண்ணாடியை விட்டுப் பிரியும்போது, அந்தக் கண்ணாடியின் வழுவழுப்பைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு வருகிறது. இந்த மஞ்சள் மேற்பூச்சன்று, கல்லின் உடம்பிலேயே இருக்கிறது. எத்தனை பேர் நடந்தாலும் உரிவதில்லை.

மங்கலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நிலைப்படிக்குப் பூசும் மஞ்சளும் தாலிக் கயிற்றின் மஞ்சளும் வேறு இனம். அவற்றின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். ஆகவே நிலைப்படிக்கு மறுபடி பூசுகிறோம், கயிற்றை மாற்றுகிறோம். நிற்கும் மஞ்சளைத் தரைக்கும் புதுப்பிக்க வேண்டிய மஞ்சளை வாசலுக்கும் வைத்த வீடு உங்களுடையது. அந்தப் பகுப்பே நல்ல வடிவமைப்புத்தான். நிற்காத மஞ்சள் ஓவியத்திலும் உண்டு: டச்சு ஓவியர் வான்கோ 1888-இல் சூரியகாந்திகளை வரைந்தது குரோம் மஞ்சளில். அந்த நிறமியின் சில வகைகள் ஒளிபட்டுப் பழுப்பேறுவதை 2011-இல் வெளியான எக்ஸ் கதிர் ஆய்வு காட்டியது. அவருடைய ஓவியங்களைக் காக்க அருங்காட்சியகங்கள் விளக்கொளியைக் கணக்குப் பார்க்கின்றன.

வடிவமைப்பில் மஞ்சளின் முதல் பயன் வெளிச்சம். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் பகுதியை. காரைக்குடி ரயில் நிலையப் பெயர்ப்பலகை மஞ்சள்மேல் கறுப்பாக இருப்பது தூரத்திலிருந்து படிக்க எளிது என்பதால்தான். வீட்டின் நடு முற்றமான வளவில் வானம் திறந்திருந்தாலும், சுற்றியுள்ள தாழ்வாரமும் அறைகளும் பர்மாத் தேக்கின் கருமையில் மங்கிக் கிடக்கும். அங்கே தரையின் மஞ்சள், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் மேலே திருப்பி அனுப்புகிறது. சாம்பல் நிறம் அதை விழுங்கிவிடும். நம் நெசவாளர்களும் இதை அறிவார்கள்: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தில் மஞ்சளை எடுத்துவிட்டால், அரக்கு கனத்துப்போகும்.

இந்தப் பக்கத்தில் நான் பலமுறை சண்டையிட்ட விஷயம் ஒன்று உண்டு, மறுபடியும் சண்டையிடுகிறேன். பூக்கல் தரைமேல் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸை ஒட்டி மூடுவதும், கறையைப் போக்குகிறோம் என்று ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும் குற்றம் என்றே சொல்வேன். ஆசிட் சிமென்டை அரித்துவிடும். கண்ணாடி கொடுத்த வழுவழுப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது. வெறும் தண்ணீரும் துணியும் போதும், அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இதுதான். வெளிச்சுவரை வெள்ளையாகவே விடுங்கள். அங்கே வடிவமைப்பாளர் சொல்வது சரி. தரையில் ஒரு கல்லையும் தொடவிடாதீர்கள். உடைந்ததை மட்டும் ஆத்தங்குடியில் அதே அச்சில் செய்து வாங்குங்கள். உள்சுவர்களுக்கு மஞ்சள் வேண்டுமென்றால், பிளாஸ்டிக் எமல்ஷனைத் தவிர்த்து, நீற்றிய சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கலந்து, பட்டாலைச் (கூடத்துச்) சுவரில் இரண்டு கையகலத்துக்கு மட்டும் முதலில் அடித்துப் பாருங்கள். ஈரத்தில் அது அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தால் நன்றாக வெளிறும். ஆகவே நன்கு உலர்ந்த பிறகு, காலையில் ஒருமுறையும் விளக்கு வைத்த பிறகு ஒருமுறையும் வடிவமைப்பாளரை அதன் முன் நிறுத்தி, உறுத்துகிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.