50 சதவீதம் என்றால் எதில் 50?

அன்புள்ள ஐயா,

வானிலைச் செயலியில் வரும் சொற்களைப் பற்றி ஒரு சந்தேகம். காலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 94 சதவீதம் என்று காட்டியது. மதியம் 36 டிகிரி, ஈரப்பதம் 50. காற்று காய்ந்துவிட்டது, வெளியே போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். போய் வந்தவர் சட்டை தொப்பலாக நனைந்து, தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். செயலி தவறா? மழை வாய்ப்பு 40 சதவீதம், ஹெக்டோபாஸ்கல் என்பதெல்லாம் என்ன? இந்தக் கலைச்சொற்கள் விஞ்ஞானிகளுக்குத்தானே, நமக்கு எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அப்பா இப்போது தேறிவிட்டாரா? அதை எழுதாமல் ஹெக்டோபாஸ்கலைக் கேட்கிறீர்கள். அது காற்றழுத்தத்தின் அலகு, கடல் மட்டத்தில் சராசரியாக 1013, இப்போதைக்கு அது போதும். மழை வாய்ப்பு 40 சதவீதம் என்றால், இதே மாதிரியான பத்து நாட்களில் நான்கில் மழை பெய்யும். எவ்வளவு பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது.

செயலி சொன்னது சரி. 'நமக்கு எதற்கு' என்று நீங்கள் கேட்டதுதான் எனக்குக் கோபம். அந்த 50க்குப் பொருள் தெரியாமல், தோன்றிய பொருளை வைத்துக்கொண்டு வயதானவரை வெயிலில் அனுப்பியிருக்கிறீர்களே, அப்புறம் அது விஞ்ஞானிகளின் சமாச்சாரமா?

செயலி காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான் அது. அந்த உச்ச அளவு நிலையாக நிற்பதில்லை, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 6 சதவீதம் கூடிவிடும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம், 36 டிகிரியில் கிட்டத்தட்ட 42 கிராம். உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள்: 23இல் 94 சதவீதமும் 42இல் 50 சதவீதமும் சுமார் 21 கிராம்தான். காலையில் இருந்த நீராவி அப்படியே இருந்திருக்கிறது. எதுவும் காயவில்லை, சூடு மட்டும் ஏறியிருக்கிறது.

இளவயதில் கொஞ்ச காலம் ஒரு வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்த்துக் குறிக்கும் வேலை செய்தேன். பக்கமெல்லாம் சாய்வுப் பலகை அடித்த வெள்ளைப் பெட்டி, ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள், தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி, அதன் திரி ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் தொங்கும். நீர் ஆவியாக ஆவியாக அந்தக் குமிழ் குளிரும். அங்கிருந்த பெரியவர், கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கு, முதலில் தசமத்தைப் படி, அப்புறம் முழு எண்ணைப் படி என்பார், நம் உடம்புச் சூடே அளவை மாற்றிவிடும் என்று. துணியில் அழுக்கோ உப்போ படிந்திருந்தால் ஆவியாதல் குறைந்து குமிழ் சரியாகக் குளிராது, அதற்காக அவர் போடாத சத்தமில்லை. "இந்தத் துணிதான்டா உன் தோல்" என்பார்.

அது உண்மை. அந்த ஈரத்துணி வெப்பமானி காட்டும் எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை. அது, வியர்வை ஆவியாகி உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதன் எல்லை. அந்த மதியம் அது 27 டிகிரியைத் தாண்டியிருக்கும். 35ஐத் தொட்டால் நிழலில், காற்றோட்டத்தில், நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தாலும் மனித உடம்பு சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிறகு ஆரோக்கியமான இளைஞர்களை ஆய்வகத்தில் சோதித்தபோது, 31ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. அவர்கள் இளைஞர்கள், உங்கள் அப்பா இல்லை.

செயலியின் விவரப் பக்கத்தில் பனிநிலை என்று ஒன்று இருக்கும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி நீர்த்துளியாகத் தொடங்குமோ அது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, டம்ளர் பனிநிலைக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். வெயில் ஏறுவதால் மட்டும் இந்த எண் இறங்காது. நீங்கள் சொன்ன நாளில் காலையிலும் மதியத்திலும் 24தான்.

15க்குக் கீழே என்றால் வியர்வை சுலபமாகக் காயும். 24ஐத் தொட்டால் புழுக்கம். பனிநிலை குறைவாக இருந்தாலும் கொளுத்தும் வெயில் ஆபத்துதான், அது வேறு விஷயம். ஆனால் 36 டிகிரியோ அதற்கு மேலோ 24 பனிநிலையோடு சேர்ந்து நின்றால், ஈரப்பதம் 50 என்ன, 45 என்று காட்டினாலும் சரி, வெயில் தாழும்வரை அப்பாவை வெளியே அனுப்பாதீர்கள். தலைசுற்றல் இன்னும் இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.