வாசகர் கேள்வி – பதில்: அச்சேறிய ஆய்வில் பிழை கண்டால்

கேள்வி: கிளிநொச்சியில் வயற்கரைக் கிணறுகளின் நீரை ஆராய்ந்து, மேற்பார்வையாளருடன் சேர்ந்து ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டேன். அட்டவணையின் தலைப்பு ‘நைத்திரேற்று’ என்றிருக்க, கீழே உள்ள எண்கள் நைத்திரேற்று-நைதரசனின் (நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்ட) அளவுகள் என்பதை இப்போதுதான் கண்டேன். எல்லாக் கிணறுகளும் வரம்புக்குள் உள்ளன என்று முடிவெழுதியிருக்கிறோம். கிணற்றுக்காரரிடமும் “தண்ணி நல்லம்” என்று சொல்லிவிட்டு வந்தோம். தலைப்பைத் திருத்தினால் போதும் என்கிறார் மேற்பார்வையாளர். கட்டுரையை மீளப்பெற்றால், அதாவது அது செல்லாது என்று அறிவித்தால், அது இணையத்திலிருந்தே அழிந்துவிடும், பெயரும் கெட்டுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது?
— முதுமாணி மாணவி, கிளிநொச்சி

பதில்: அழியாது. காணி உறுதியில் எல்லை பிழையாக எழுதப்பட்டிருந்தால் அதை நாம் கிழித்துப்போடுவதில்லை. நொத்தாரிசிடம் போய்ப் பிழைதிருத்தும் உறுதி ஒன்றை முடித்துப் பழையதோடு சேர்த்து வைக்கிறோம். ஆய்விதழ்களும் ஏறக்குறைய அப்படியே செய்கின்றன. மீளப்பெறப்பட்ட கட்டுரை பழைய முகவரியிலேயே இருக்கும். பக்கங்களின் குறுக்கே ‘மீளப்பெறப்பட்டது’ என்று பொறிக்கப்படும். யார் மீளப்பெற்றார், ஏன் என்று கூறும் அறிவித்தல், எவரும் கட்டணமின்றி வாசிக்கத்தக்கதாக, அதனுடன் இணைக்கப்படும். ‘விலக்கிக்கொள்ளல்’ என்ற சொல் பெரும்பாலும் அச்சேறுமுன் திரும்பப்பெறும் கட்டுரைக்கே வழங்குவதால், அது உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் அட்டவணைக்கு வருவோம். ஒரு பங்கு நைத்திரேற்று-நைதரசன் ஏறத்தாழ 4.43 பங்கு நைத்திரேற்றுக்குச் சமம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஆகவே அட்டவணையில் 14 என்றிருக்கும் கிணறு வாசிப்பவர் கண்ணுக்கு நல்ல கிணறு. உண்மையில் அது 62. அந்த 50 என்ற அளவே, போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்ல இயலாமற்போகும் ஆபத்தை எண்ணி வகுக்கப்பட்டது.

முடிவு நிற்கிறதா என்பதே இதழாசிரியர் முதலில் பார்ப்பது. தலைப்பு மட்டும் பிழைத்து, ஒப்பீடு சரியான அலகில் செய்யப்பட்டிருந்தால், உங்கள் மேற்பார்வையாளர் சொல்வதுபோல் ஒரு திருத்தம் போதும். (கட்டுரையாளர் விட்ட பிழையைக் கொரிஜெண்டம் என்றும், பதிப்பகம் விட்டதை எரேட்டம் என்றும் பிரித்துச் சொல்லும் இதழ்கள் பல.) நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அந்த எண்களையே 50 உடன் ஒப்பிட்டு முடிவெழுதியிருக்கிறீர்கள் போலும். அப்படியானால் அது மீளப்பெற வேண்டிய கட்டுரை என்பதே என் எண்ணம். மீளப்பெற்றபின் திருத்திய கட்டுரையை மறுபடி மதிப்பீட்டுக்கு எடுத்து வெளியிடும் இதழ்களும் உண்டு.

பெயர் கெடும் என்ற அச்சம் விளங்குகிறது. மீளப்பெறல் என்றதும் பலருக்குப் பிரித்தானிய மருத்துவர் வேக்ஃபீல்டின் நினைவே வரும்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசியை ஓட்டிசத்துடன் தொடர்புபடுத்தி, 12 பிள்ளைகளை வைத்து 1998இல் அவர் எழுதிய கட்டுரையை ‘லான்செற்’ மருத்துவ இதழ் 2010இலேயே முழுமையாக மீளப்பெற்றது. ஆனால் 2018இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னோல்டும், தம் குழு 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் முடிவுகள் மறுசோதனையில் கிடைக்காமற்போனதும், 2020 ஜனவரியில் அதை மீளப்பெற்று, அச்செய்தியைத் தாமே வெளிப்படையாக அறிவித்தார். அதனால் அவர் பெயர் கெடவில்லை.

கட்டுரையாளர் அனைவரும் ஒப்பமிட்டு, பழைய அட்டவணை, திருத்திய அட்டவணை, ஆய்வுகூடக் குறிப்பேட்டின் மூலத் தரவுகள் ஆகியவற்றுடன் இதழாசிரியருக்கு எழுதுங்கள். மேற்பார்வையாளர் ஒப்பாவிடினும் நீங்கள் எழுதலாம். கட்டுரையாளரிடையே இணக்கம் இல்லாதபோதும் மீளப்பெறும் உரிமை இதழாசிரியருக்கு உண்டு, விசாரணை நீண்டால் கட்டுரையில் ஐயம் உள்ளது என்று வாசகரை எச்சரிக்கும் ஒரு ‘கவலை அறிவித்தலையும்’ இடையில் அவர் வெளியிடலாம்.

இவற்றுள் எதுவும் அந்தக் கிணற்றுக்காரரின் காதுக்குப் போய்ச்சேராது. அட்டவணையில் 11.3க்கு (50ஐ 4.43ஆல் வகுத்தால் வருவது) மேல் எண் காட்டிய கிணறுகளின் பட்டியலை இந்தக் கிழமையே எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். “தண்ணி நல்லம்” என்று சொன்ன வீடுகளுக்கு நீங்களே திரும்பவும் போங்கள், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலில்.