திருநீறும் தேர்தல் கூட்டமும்: வாசகி ஒருவரின் கேள்வி

கேள்வி: கொள்ளுப்பிட்டியிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். திருநீறு பூசி வரக்கூடாது என்று முகாமையாளர் வாய்மொழியாகக் கூறினார். பிரித் நூல் (பௌத்தர்கள் ஆசியாகக் கையில் கட்டும் நூல்) கட்டிவரும் சக ஊழியர்களிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு வேட்பாளரின் கூட்டத்துக்கு வருமாறும் எங்களை வற்புறுத்தினார்கள். நான் போகாததால், இப்போது இராஜினாமாச் செய்யச் சொல்கிறார்கள். அரசியலமைப்பின்படி வழக்குத் தொடரலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, எந்தச் சூழ்நிலையிலும் இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தையும், 12(2)ஆம் உறுப்புரை மதம், அரசியற் கருத்து ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் காட்டப்படாதிருக்கும் உரிமையையும் உறுதிசெய்கின்றன என்பது உண்மையே. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் மனு, அரசின் ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலுக்கு எதிரானதாகவே இருக்க வேண்டும். அரச ஊழியருக்குக் கைகொடுக்கும் இவ்வழி தனியார் நிறுவன ஊழியருக்கு நேரடியாகத் திறப்பதில்லை. இது நம் சட்டத்திலுள்ள பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

உங்களுக்கான பாதுகாப்பு தொழிற் சட்டங்களில் இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனமொன்று, ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நீக்குவதாயின், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ முன்கூட்டியே பெற வேண்டும். நீங்கள் இராஜினாமாச் செய்தால், நீங்களாகவே விலகினீர்கள் என்று நிறுவனம் வாதிடும். வற்புறுத்திப் பெற்ற இராஜினாமாவையும் பணிநீக்கமாகக் கருதுமாறு, தொழிற் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையிடம் கோரலாம் என்றாலும், அந்த வற்புறுத்தலை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். சபை நியாயமெனக் கண்டால் மீண்டும் வேலையில் அமர்த்தவோ நட்டஈடு வழங்கவோ கட்டளையிடலாம்.

திருநீறு விடயத்தில், சீருடை விதி வகுக்க நிறுவனத்துக்கு உரிமையுண்டு. ஆனால் பிரித் நூலை அனுமதித்துத் திருநீற்றை மட்டும் தடுப்பது விதியன்று, பாரபட்சம். ஆகவே அத்தடையை எழுத்தில் தருமாறு பணிவாக மின்னஞ்சல் அனுப்புங்கள். கூட்டத்துக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், திகதிகளுடன் வீட்டில் பிரதியெடுத்து வையுங்கள். அவற்றோடு நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குச் சென்று, காலந்தாழ்த்தாமல் முறையிடுங்கள்.