இஸ்லமொராடால சார்ட்டர் போட் எடுத்து மீன் பிடிக்கப் போறது காசுக்குத் தகுமா?

கேள்வி கேட்டவர் ஜனவரில குடும்பத்தோட அமெரிக்காவுல ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்குப் போறாராம், அங்க இஸ்லமொராடால ரிசார்ட் புக் பண்ணியாச்சாம், கேப்டனோட சேத்து முழு போட்டையும் வாடகைக்கு எடுக்கற சார்ட்டர் போட் விசாரிச்சா அரை நாளுக்கே ஆயிரம் டாலர் பக்கம் சொல்றாங்களாம். "தூண்டிலைப் போட்டுட்டு உக்காந்திருக்கிறதுக்கு இவ்ளோ காசா, அந்த கேப்டனுக்கு அப்படி என்ன பெரிய வேலை"ன்னு கேட்டிருக்கார்.

தகும், தாராளமா போங்க. இத்தோட முடிச்சிருப்பேன், ஆனா அந்தக் கடைசி வரி என்னை விடலை.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். அப்பா ஆழ்கடல் தொழில் பார்த்தவர். போட்டை கொச்சில கட்டி வச்சுட்டு அங்கிருந்து லட்சத்தீவு, குஜராத் கடல்னு வாரக்கணக்குல போய் ஆயிரங்கால் தூண்டில் விட்டு சுறாவும் சூரையும் பிடிச்சு எங்களைப் படிக்க வச்சவர். அவர் கையைப் பார்த்தா தெரியும், தூண்டில் போட்டுட்டு யாரும் சும்மா உக்காந்திருக்கிறதில்லைன்னு. நீங்க தப்பா நெனச்சு கேட்டீங்கன்னு சொல்லலை, நிறைய பேருக்கு மீன்பிடின்னா அப்படித்தான் மனசுல இருக்கு, அதான் விளக்கமா எழுதுறேன்.

உடனே சில பேர் வருவீங்க, காசு இருக்கிற திமிர்ல எழுதறான்னு, அப்பாவை வச்சு அனுதாபம் தேடறான்னு. நான் மாசச் சம்பளக்காரன், அந்த போட் செலவை இன்னொரு தமிழ்க் குடும்பத்தோட பாதிப் பாதி போட்டுத்தான் போனோம், ஆறு பேர் வரைக்கும் ஏத்துவாங்க. பொழுதுபோக்குக்கு மீனைக் கஷ்டப்படுத்தலாமான்னு கேக்கறவங்களுக்கும் கீழ பதில் இருக்கு, முழுசா படிச்சுட்டு கேளுங்க.

முதல்ல இடம். மியாமில இருந்து தெக்க யுஎஸ் 1 ரோட்டைப் பிடிச்சா சுமார் 80 மைல், ட்ராஃபிக் இல்லைன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ரோட்டுக்கு ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் ஃப்ளோரிடா பே, ரெண்டும் வேற வேற கடல் மாதிரி இருக்கும். பே பக்கம் இடுப்பளவு தண்ணி, அதுல போன்ஃபிஷ், டார்ப்பன்னு மீனுங்க. அட்லாண்டிக் பக்கம் நாலஞ்சு மைல்ல பவளப் பார், அந்தப் பார் முடியற இடத்துல கடல் சரிஞ்சு ஆழமாகி கல்ஃப் ஸ்ட்ரீம்ங்கற பெரிய கடல் நீரோட்டம் ஓட ஆரம்பிச்சுடும். சின்ன ஊர்லயே ஆழம், ஆழமில்லாதது, பாசி, பார் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கறதாலதான் பணக்காரன் எல்லாம் அங்க படகு வாங்கிப் போட்டிருக்கான். உலகத்தோட ஸ்போர்ட் ஃபிஷிங் தலைநகரம்னு அவங்களே போட்டுக்கறதும் அதுக்குத்தான். ஹோட்டல், சாப்பாடு எல்லாமே விலை ஜாஸ்தி, அதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்லை.

நீங்க போற ஜனவரி மயில் மீன் சீசன், அதாவது செயில்ஃபிஷ். நாங்களும் குளிர்காலத்துலதான் போனோம், அப்பா அம்மா விசிட்டர் விசால வந்திருந்தப்போ. அப்பாவைக் கூட்டிட்டுப் போறது எனக்கு யோசனையாவே இருந்துச்சு, வாழ்நாள் பூரா அந்த வேலை செஞ்ச மனுசனை டூரிஸ்ட்டா அதே வேலைக்கு காசு குடுத்து ஏத்தறதான்னு. அவர்தான் "ஏறிப் பாப்பம் மக்கா, இவனுவ எப்படி செய்யிறானுவன்னு"ன்னார்.

விடியறதுக்கு முன்னாடியே போட்ல ஏறிட்டோம். முதல் வேலை இரை பிடிக்கறது. பார் மேல நங்கூரம் போட்டு, மீன் தூளைக் கரைச்சு விட்டு, நம்ம முரல் இனத்துல ஒண்ணு, அங்க பாலிஹூம்பாங்க, அதை வலையால வீசிப் பிடிச்சு உயிரோட தொட்டில போட்டாங்க. அதுக்கப்புறம் பார் ஓரமாவே மெதுவா ஓட்டினார் கேப்டன், பச்சைத் தண்ணி முடிஞ்சு நீலம் ஆரம்பிக்கற கோடு ஒண்ணு கண்ணுக்கே தெரியுது, அதை விட்டு விலகவே இல்லை. மேல டவர்ல நின்னுக்கிட்டு அவர் பார்த்தது பறவையை, அப்புறம் முரல் கூட்டம் தண்ணிக்கு மேல சிதறுதான்னு. மயில் மீன் கீழ இருந்து வெரட்டினா முரல் அப்படித்தான் தெறிக்கும்.

அப்பா என்கிட்ட, தூரத்துல ஒரு ஃப்ரிகேட் பறவை சுத்துதே, அங்க ஏன் போகலைன்னு கேளுன்னார். கேட்டேன். அது உசரத்துல பறக்குது, இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கு, தாழ்ந்து வந்து முட்டினா போவோம்னார் கேப்டன். அதைச் சொன்னதும் அப்பா தலையாட்டிட்டு "அறிஞ்சவன்தான்"னு சொன்னார், அவருக்கு பதில் முன்னாடியே தெரியும், ஆளைச் சோதிச்சிருக்கார். அதுக்கப்புறம் என்னை நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பேசின பேச்சு இருக்கே, நான் மொழிபெயர்த்தே களைச்சுப் போயிட்டேன். வடகிழக்குல இருந்து காத்து அடிச்சுது, கல்ஃப் ஸ்ட்ரீம் வடகிழக்கைப் பார்த்து ஓடுது, நீவாடும், அதாவது நீரோட்டமும், காத்தும் எதிர் எதிரா முட்டறதால அலை செங்குத்தா எழும்பும், அந்த மாதிரி நாள்லதான் மயில் மீன் அலை முதுகுல சறுக்கிட்டு மேலாப்புல வரும்னு கேப்டன் சொல்ல, எங்க கடல்லயும் நீவாடு தெரியாதவன் தொழிலுக்கு ஆக மாட்டான்னு அப்பா சொல்ல. "மலையே இல்லாத ஊர்ல எத வச்சு கணியம் பாப்பானுவ?"ன்னு கேக்கச் சொன்னார். எங்க ஊர்ல கரையில தெரியற மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரு நேர்ல வச்சுத்தான் கடலுக்குள்ள இடத்தைக் கண்டுபிடிப்பாங்க. ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி இருந்த கேப்டனுங்க அலிகேட்டர் ரீஃப் லைட்ஹவுஸையும் கரையில நிக்கற டவர், பாலத்தையும் வச்சு அதையேதான் செஞ்சாங்கன்னு சொல்லி அந்த லைட்ஹவுஸைக் காட்டினார். 1873ல கட்டின இரும்பு லைட்ஹவுஸ், கடலுக்கு நடுவுல நிக்குது. அதை அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

மயில் மீன் மாட்டினது என் ஃப்ரெண்ட் பையன் தூண்டில்ல. அது தண்ணியை விட்டு எகிறினதைப் பத்தி நான் எழுத வேண்டாம், நீங்களே பார்க்கப் போறீங்க. முக்கியமானது அதுக்கப்புறம். வளைஞ்ச முள்ளு போடறதால வாய் ஓரத்துலதான் மாட்டுது, வயித்துல இறங்கறதில்லை. போட் பக்கத்துல வந்ததும் மேட், அதாவது கேப்டனோட உதவியாள், கையுறை போட்டு அலகைப் பிடிச்சு, முள்ளை எடுத்துட்டு, படகை மெதுவா முன்னால நகர்த்தச் சொல்லி, மீன் செவுள்ல தண்ணி ஏறி அது தானா வாலை அடிக்கற வரைக்கும் பிடிச்சிருந்து விட்டார். விடப் போற மீனை தண்ணியை விட்டு வெளிய தூக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதனால மீனை மடியில வச்சு போட்டோ எடுக்கற ஆசை இருந்தா விட்டுடுங்க. அளவு இருந்தா வச்சுக்க சட்டத்துல இடம் இருக்கு, ஆனா அங்க பெரும்பாலும் யாரும் வச்சுக்கறதில்லை. கரையில இருந்த அம்மாதான் போன்ல, ஒரு கண்டம் எடுக்கக்கூட விடலையான்னு கேட்டாங்க. அப்பா கோவப்படுவார்னு நெனச்சேன், அவர் மேட் கையையே பார்த்துட்டு இருந்துட்டு, "பதறாம செஞ்சான்"னு மட்டும் சொன்னார். எங்க ஊர்ல மயில் மீன் ஏலத்துக்குப் போனா ஒரு வீட்டுக்கு அடுப்பெரியும், அதை விட முடியாது, ரெண்டு கடலுக்கும் ரெண்டு நியாயம் இருக்கு. திரும்பி வரும்போது பார்ல யெல்லோடெயில் ஸ்னாப்பர் பிடிச்சோம், ரூம்ல கிச்சன் இருந்ததால அம்மா எங்க ஊர் மீன் குழம்பு, புளிமுளம் வச்சாங்க.

கேள்விக்கு சம்பந்தமில்லாத ஒண்ணையும் சொல்லிக்கறேன். அந்த ரோட்டுலயே, 82வது மைல் கல் கிட்ட, ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. 1935 செப்டம்பர் 2ஆம் தேதி வந்த புயல்ல 400 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுல நிறைய பேர் முதல் உலகப் போர்ல சண்டை போட்டுட்டு வந்து வேலை இல்லாம அங்க ரோடு போட வந்த பழைய சிப்பாய்ங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போக அனுப்பின ரயில் லேட்டா வந்து, வந்த ரயிலையும் அலை புரட்டிப் போட்டுருச்சு. அவங்க சாம்பலை அங்கயே வச்சு 1937ல கல்லு வச்சிருக்காங்க. அதை அப்பாகிட்ட சொன்னதும் அவர் ஒக்கி புயலைத்தான் பேசினார். 2017 நவம்பர் கடைசில ஒக்கி வந்தப்போ எங்க பக்கத்து ஆளுங்க பல நாள் முன்னாடியே கெளம்பி ஆழ்கடல்ல இருந்தாங்க. கரையில குடுத்த எச்சரிக்கை அவங்ககிட்ட எப்படிப் போய்ச் சேரும்? அப்போ நான் வேலை பார்த்த இடத்துல படிச்சவன் ஒருத்தன், புயல்னு தெரிஞ்சும் ஏன் போனாங்க, காசாசைதானேன்னு என் முகத்துக்கு நேரா கேட்டான். எங்க தெருவுல உடம்புகூட கிடைக்காத வீடு இருக்கு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறலை. இதையெல்லாம் இங்க ஏன் எழுதறன்னு கேட்டா, கடல்ல போறவனுக்கு என்ன பெரிய வேலைன்னு கேக்கற வாயும் அந்த வாயும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். சார்ட்டர் போட்ல போனா உங்களுக்குத் தனியா லைசென்ஸ் வேணாம், போட் லைசென்ஸே போதும். காசு ரொம்ப இடிச்சா தலைக்கு இவ்ளோன்னு ஏத்தற பார்ட்டி போட் இருக்கு, பார் மேல ஸ்னாப்பர் பிடிக்க அது போதும், மயில் மீனுக்கு ஆகாது. மேட்டுக்கு டிப்ஸ் 15ல இருந்து 20 பர்சென்ட் தனியா எடுத்து வைங்க, அந்தப் பையன் மீனை வெட்டி சுத்தம் பண்ணிக் குடுக்கறது வரைக்கும் செய்வான், அவங்க பொழப்பு பெரும்பாலும் அந்த டிப்ஸ்லதான். பிடிச்ச மீனைக் குடுத்தா சமைச்சுத் தர்ற ரெஸ்டாரண்ட் அங்க சாதாரணம். வாந்தி மாத்திரையை போட்ல ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்குங்க, ஏறினப்புறம் போட்டா பிரயோஜனமில்லை. குளிர்காலத்துல திடீர்னு காத்து ஏறும், காலையில கேப்டன் போன் பண்ணி இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா ரிசார்ட் வாசல்ல வெயில் அடிக்குதேன்னு சண்டைக்குப் போகாதீங்க. வேற நாள் குடுப்பாங்களா, இல்ல பணம் திருப்பித் தருவாங்களான்னு புக் பண்ணும்போதே கேட்டு வச்சுக்குங்க.