கேளுங்க வாத்தியாரே

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு அம்மா (பெயரைப் போட வேண்டாமாம்): மகளும் மருமகனும் எச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறார்கள். மகள் மாசமாக இருக்கிறாள். "இனிமேல் அங்கே பிறந்தாலும் அமெரிக்கப் பிள்ளை இல்லையாம்" என்று எதிர்வீட்டில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

எதிர்வீட்டுச் செய்தியில் பாதி நிஜம். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப், பிறப்பால் வரும் குடியுரிமையைக் குறைக்கிற ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர்களுக்குத்தான் அது என்று பலர் நினைத்தார்கள். இல்லை. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பன் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் குடியுரிமை கிடையாது என்றது ஆணை. எச்1பி-யும் தற்காலிக வேலை விசாதான், உங்கள் மகள் கணக்கும் அதில் வருகிறது.

ஆனால் மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். தனி நீதிபதி நாடு முழுக்கத் தடை போடக்கூடாது என்று ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயரில் பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோருக்குமாக ஒரே வழக்கைப் போட்டு மறுபடி தடை வாங்கினார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஆணையை விசாரிக்க எடுத்துக்கொண்டது.

சண்டையெல்லாம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1868-இல் சேர்த்த 14ஆவது திருத்தத்தில் ஒரு வரிக்குத்தான். அங்கே பிறந்து, அந்நாட்டின் அதிகார வரம்புக்கு உட்பட்டவர் குடிமகன். விசாக்காரர் வரி கட்டுகிறார், சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதமும் கட்டுகிறார். இன்னும் எதற்கு உட்பட வேண்டும்? வோங் கிம் ஆர்க் என்று ஒரு சமையற்காரர், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனா போய் 1895-இல் திரும்பியவரை, நீ இந்நாட்டுக்காரனே இல்லை என்று மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். 1898-இல் உச்ச நீதிமன்றத்தில் 6 நீதிபதிகளுக்கு 2 என்று அவர் ஜெயித்தார். அவருடைய பெற்றோர் அங்கேயே குடியிருந்தவர்கள், விசாக்காரர்கள் அப்படியல்ல என்பது இப்போதைய அரசுத் தரப்பின் பிடி.

தீர்ப்பு எப்படியானாலும் பேரப்பிள்ளை நாடில்லாமல் நிற்காது. அமெரிக்கா இல்லையென்றால், ஓராண்டுக்குள் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிந்தால் இந்தியப் பிள்ளை. நிம்மதியாகத் தூங்குங்கள், பிரசவ மருந்துக்குச் சாமான் வாங்குகிற வேலையைப் பாருங்கள்.

ஓசூர் வாசகர் ஒருவர்: பிறந்த இடத்தை வைத்துக் குடியுரிமை தருவது ஏமாளித்தனம் இல்லையா? நம் நாடு இப்படிச் செய்யுமா?

செய்ததே ஐயா! 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்த யாரும், தூதர் பிள்ளை மாதிரிச் சிலரைத் தவிர, இந்தியர்தான். ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியர் என்றால், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக்கூடாது.

இது எனக்குச் சட்டப் புத்தகத்தில் தெரிந்த விஷயமல்ல. நான் வேலை பார்த்த பள்ளிக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம். 83 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள். டி.சி. எழுதும்போது 'தேசிய இனம்' என்ற கட்டத்தில் மற்ற பிள்ளைகளுக்கு யோசிக்காமல் 'இந்தியன்' என்று போட்டுக்கொண்டே போவேன். முகாம்பிள்ளை வந்தால் பேனா நிற்கும். ஒருமுறை அக்கா, தம்பி இருவருக்கும் எழுதினேன். அக்கா 86-இல் பிறந்தவள், தம்பி 88. ஒரே தகரக் கொட்டகை, ஒரே ரேஷன் வரிசை. சட்டப்படி அவள் இந்தியப் பெண், இவன் அகதி. இருவருக்குமே 'இலங்கை' என்று எழுதச் சொன்னார் தலைமையாசிரியர். எழுதினேன். அவள் விஷயத்தில் அது தப்பு என்று எனக்குப் புரிந்தது மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2022-இல் இந்திய பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கிய செய்தியைப் படித்தபோதுதான். 2024-இல் திருச்சியில் அவர் ஓட்டும் போட்டார். இந்தத் தம்பிக்கு அந்த வழியும் கிடையாது. ஏமாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கரூர் வாசகர்: ஊர் நியாயம் பேசுகிறீரே, உமக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?

இல்லை. பாட்டி வீட்டுத் திண்ணையறையில் பிறந்தவன். பொங்கலுக்கு முந்தின வாரம் என்பார் அம்மா. பள்ளியில் சேர்த்த வாத்தியார், வயசுக் கணக்குச் சரியாக வரட்டும் என்று ஜூன் 5 என்று போட்டார். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அரசு என்னை ஓய்வில் அனுப்பியது.